ஏழாண்டுக் கதிரும் செல்லாத தீனாரும்

1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. ஃபஜ்ருக்கு முன்பே ஈராக்கியப் படைகள் குவைத்தின் எல்லையைக் கடந்துவிட்டன. அன்று அந்தச் சிறிய நாட்டில் ஒன்றே முக்கால் லட்சம் அளவில் இந்தியர் இருந்தனர். மலையாளிகளே மிகுதி என்றாலும், தமிழகத்துக் கடலோர ஊர்களிலிருந்தும் தஞ்சை, நெல்லைப் பகுதிகளிலிருந்தும் சபர் போன நம்மவர்களும் அவர்களுள் இருந்தனர். முந்தின நாள் மாலை வரை அவர்களுக்கு வேலை இருந்தது, இருப்பிடம் இருந்தது, வங்கியில் கணக்கு இருந்தது. விடிந்தபோது வேலை தந்தவர் எங்கே என்று தெரியவில்லை. பணிநீக்கக் கடிதம் என ஒரு தாளைக்கூட எவரும் எவருக்கும் கொடுக்கவில்லை. வேலை இழப்பு என்பது அப்படியும் வரும்.

அடுத்து நிகழ்ந்ததுதான் பலரும் எதிர்பாராதது. ஆக்கிரமித்த அரசு, குவைத் தீனாருக்கும் ஈராக் தீனாருக்கும் ஒரே மதிப்பு என்று அறிவித்தது. சந்தையில் குவைத் தீனார் அதைவிடப் பல மடங்கு மதிப்புடையதாக இருந்த காலம் அது. சில வாரங்களில் குவைத் தீனார் செல்லாது என்றே ஆயிற்று. ஆண்டுக்கணக்கில் வயிற்றைக் கட்டிச் சேர்த்தவருடைய பணமும், கண்டபடி செலவழித்தவருடைய வெறுங்கையும் ஒரே நிலைக்கு வந்தன. பஸ்ரா வழியாக பக்தாத், அங்கிருந்து பாலைநிலச் சாலையில் ஜோர்டான் எல்லை, பிறகு அம்மான் என்று அகதிகளைப் போல மக்கள் நகர்ந்தனர். அம்மானிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாத காலம், ஐந்நூறை நெருங்கும் விமானப் பயணங்களில் இந்திய அரசு அவர்களைத் தாயகம் கொண்டுவந்து சேர்த்தது. அந்த மீட்பு இன்றும் பெருமையாகப் பேசப்படுகிறது, பேசப்பட வேண்டியதும்கூட. ஆனால் விமானம் இறங்கியதோடு கதை முடிந்துவிடவில்லை. வீட்டு வாசலில் இறங்கிய நாளிலிருந்து அடுத்த வருமானம் வரும் நாள்வரை அந்தக் குடும்பம் எதைக் கொண்டு உண்டது என்பதைப் பற்றித்தான் யாரும் அதிகம் எழுதவில்லை.

இழப்பீடு கிடைத்தது என்பது உண்மை. ஐக்கிய நாடுகள் சபை 1991இல் அதற்கென ஓர் ஆணையத்தை ஜெனீவாவில் அமைத்தது. குவைத்தைவிட்டு வெளியேற நேர்ந்த தனிநபருக்கு 2,500 டாலர், அல்லது வேறு வகைக் கோரிக்கைகளைக் கைவிட்டால் 4,000 டாலர். குடும்பத்துக்கு 5,000 அல்லது 8,000 டாலர் என வரையறுத்தது. ஈராக்கின் எண்ணெய் வருவாயிலிருந்து பணம் வரவேண்டியிருந்ததால், பெரும்பாலோருக்கு அது கையில் கிடைத்தது 1990களின் பிற்பகுதியில். 1990இல் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் பள்ளிப் படிப்பின் இறுதியை எட்டியிருக்கும்.

நம் மக்களுக்கு இது முதல் அனுபவமும் அன்று. கிழக்கே பர்மாவில் கடை வைத்திருந்த தலைமுறை இதற்கு முன்பே இதைக் கண்டது. 1964 மார்ச்சில் நே வின்னின் இராணுவ அரசு கடைகளையும் வணிக நிறுவனங்களையும் தேசியமயமாக்கியது. அதே ஆண்டு மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. ரங்கூனில் இருந்த தமிழ் முஸ்லிம்களும் செட்டியார்களும் பிற இந்தியரும் கப்பல் ஏறினார்கள். கையோடு எடுத்துச் செல்லும் பணத்துக்கும் நகைக்கும் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. தமிழகத்தின் பல ஊர்களில் ‘பர்மா காலனி’, ‘பர்மா பஜார்’ என்று இன்றும் வழங்கும் பெயர்கள் அந்தப் பயணத்தின் எச்சங்கள்.

இவ்விரு நிகழ்வுகளையும் நினைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரங்கூனிலும் குவைத்திலும் இருந்த நம்மவர்கள் ஊதாரிகள் அல்லர். சேமிக்கத் தெரிந்தவர்கள்; அதற்காகவே கடல் கடந்தவர்கள். ஆனால் உழைப்பு எந்த மண்ணில் இருந்ததோ அந்த மண்ணிலேயே, அந்த நாணயத்திலேயே சேமிப்பும் இருந்தது. வேலையைக் கொண்டுபோன வெள்ளம் சேமிப்பையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. இடர்காலத்துக்கென ஒதுக்கும் பணத்தைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு என்ற கேள்வியோடு, எங்கே என்ற கேள்வியும் சம அளவில் எழ வேண்டும் என்பதை நம் சொந்த வரலாறே சொல்கிறது.

இந்தப் பேச்சை எடுத்தால் நம் வீடுகளில் உடனே எழும் ஒரு மறுமொழி உண்டு. ‘நாளைய ரிஸ்கை அளப்பவன் அல்லாஹ். அதை நாம் இன்று பூட்டி வைப்பது தவக்குலுக்குக் குறைவல்லவா?’ என்பார்கள். சொல்பவரின் ஈமானை மதிக்கிறேன். ஆனால் தவக்குலை நமக்குக் கற்றுத்தந்தவர்களின் வாழ்வில் அது எவ்வாறு இருந்தது என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வருவதே முறை.

ஸூரத்து யூஸுஃபை நாம் அழகிய வரலாறாக ஓதுகிறோம். அதனுள் ஒரு பொருளாதாரத் திட்டம் இருப்பதைப் பல நேரங்களில் கடந்துவிடுகிறோம். ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்னும் கனவுக்கு விளக்கம் மட்டுமே கேட்கப்பட்டது. யூஸுஃப் (அலை) அவர்களோ விளக்கத்தோடு நிற்கவில்லை. செய்ய வேண்டியதையும் சேர்த்தே சொன்னார்கள், அதுவும் சிறையில் இருந்தபடி. ஏழாண்டுகள் தொடர்ந்து பயிரிடுங்கள், அறுத்ததில் உண்பதற்கான சிறு அளவைத் தவிர மற்றதைக் கதிரிலேயே விட்டுவையுங்கள் என்பது அத்திட்டத்தின் சாரம் (12:47). தானியத்தை அடித்துத் தூற்றிக் குவித்து வைத்தால் பூச்சி விழும், ஈரம் ஏறும். கதிரோடு நின்றால் நெடுநாள் கெடாது. கெடாத வகையில் வைப்பதும் சேமிப்பின் ஒரு பகுதி என்று இதிலிருந்து விளங்குகிறது. உண்ணும் அளவைச் சிறிதாக்கச் சொன்னது பஞ்சத்தில் அன்று, விளைச்சல் பெருகிய ஆண்டுகளில் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. சம்பளம் உயர்ந்த ஆண்டில் வீட்டுச் செலவையும் அதே வேகத்தில் உயர்த்திக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு நேர் எதிரான அறிவுரை அது.

அடுத்த வசனத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. கடுமையான ஏழாண்டுகள் வந்து, சேமித்ததை எல்லாம் தின்றுவிடும். நீங்கள் காத்துவைக்கும் சிறிதளவு மட்டும் எஞ்சும் என்கிறது அது (12:48). அந்தச் சிறிதளவை விதைக்கான தானியம் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். பட்டினி வாசலில் நிற்கும்போதும் விதைநெல்லைத் தொடக்கூடாது என்பது உழவர்க்குத் தெரிந்த செய்தி. வேலை இழந்த வீட்டில் மீண்டும் வேலைக்குச் செல்வதற்கு வேண்டிய பணம் (பயணச்சீட்டு, சான்றிதழ் ஒப்பம், புதிய ஒரு தொழிலைக் கற்கும் கட்டணம்) இப்படிப்பட்ட விதைநெல்தான்.

அதே ஸூராவில் யஃகூப் (அலை) அவர்கள் மக்களை எகிப்துக்கு அனுப்பும்போது, எல்லோரும் ஒரே வாயில் வழியாக நுழையாமல் வெவ்வேறு வாயில்கள் வழியாக நுழையுமாறு அறிவுறுத்துகிறார்கள். சொன்ன கையோடு, அல்லாஹ்வின் விதியிலிருந்து எதையும் தம்மால் தடுக்க இயலாது என்றும், அவன் மீதே தம் தவக்குல் என்றும் அறிவிக்கிறார்கள் (12:67). கண்ணேறுக்கு அஞ்சி அவ்வாறு சொன்னார்கள் என்பது விரிவுரையாளர் பலரின் விளக்கம். காரணம் எதுவாயினும் முன்னேற்பாடும் தவக்குலும் ஒரே வசனத்தில், ஒரே நபியின் நாவில் அடுத்தடுத்து நிற்கின்றன. குவைத்தையும் ரங்கூனையும் அறிந்தவர்களுக்கு அந்த ‘வெவ்வேறு வாயில்கள்’ கூடுதலாக ஒன்றை நினைவூட்டும்.

பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லத்துக்கு வருவோம். பனூ நளீர் நிலத்தின் பேரீச்சம் விளைச்சலிலிருந்து தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்குரிய உணவை அவர்கள் ஒதுக்கிவைத்தார்கள் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. இமாம் புகாரி இதைக் குடும்பச் செலவினங்களைப் பற்றிய நூற்பகுதியில் வைத்திருப்பதும் பொருள் நிறைந்தது. நாளைக்கென எதையும் அவர்கள் சேர்த்துவைத்ததில்லை என்ற அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு திர்மிதீயில் உண்டு. இரண்டும் மோதவில்லை, தமக்கென அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை, தம் பொறுப்பில் உள்ளோருக்காக வைத்தார்கள் என்று அறிஞர்கள் இணைத்து விளக்குவர். வறியோரும் விருந்தினரும் வந்தபோது அந்த ஓராண்டு உணவும் ஆண்டு முடியுமுன்பே கரைந்தது என்பதும் வரலாறு. முப்பது ஸாஉ வாற்கோதுமைக்கு அடகு வைத்த கவசம் மீட்கப்படாத நிலையிலேயே அவர்கள் மறைந்தார்கள். ஆக, சேர்த்துவைப்பது அங்கே கஞ்சத்தனமாக மாறவில்லை. கொடுப்பது குடும்பத்தை மறந்ததாகவும் இல்லை.

தபூக் விவகாரத்தில் தவ்பா ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் தம் செல்வம் முழுவதையும் தர்மமாக்கிவிட முன்வந்த கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களிடம், அதில் ஒரு பகுதியை வைத்துக்கொள்வதே நல்லது என்று நபியவர்கள் கூறினார்கள். அவர் தம் கைபர் பங்கை வைத்துக்கொண்டார். நோயுற்றிருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கும் மூன்றில் ஒன்றுக்கு மேல் வஸிய்யத் செய்ய அனுமதி கிடைக்கவில்லை. வாரிசுகள் பிறரிடம் கையேந்தும்படி விடப்படுவதை அப்போது நபியவர்கள் விரும்பவில்லை. ஒட்டகத்தைக் கட்டிய பின் தவக்குல் வைக்கும் செய்தி எல்லோரும் அறிந்ததே. அதை நான் இங்கு விரிக்கவில்லை.

பொன்னையும் வெள்ளியையும் குவித்துவைப்போரைக் குர்ஆன் கண்டிக்கிறதே (9:34) என்று கேட்கலாம். இந்த வசனத்தை வைத்து அபூதர் (ரலி) அவர்கள் தேவைக்கு மிஞ்சிய செல்வம் அனைத்தையும் கடுமையாக எதிர்த்தார்கள். அதன் தொடர்ச்சியாக ரபதாவில் தனித்து வாழ்ந்து மறைந்தார்கள். அவர்களின் குரல் நம் மனசாட்சிக்குத் தேவையான குரல். எனினும் ஜகாத் கொடுக்கப்பட்ட பொருள் அக்கண்டனத்துக்குள் வராது என்ற இப்னு உமர் (ரலி) அவர்களின் கருத்தே பெரும்பான்மை அறிஞர்களால் ஏற்கப்பட்டது.

‘சேமிக்க வேண்டும், சரி. மிச்சமே இல்லாதவன் எதைச் சேமிப்பது?’ என்பது அடுத்த கேள்வி. இதுவே உண்மையான கேள்வி. இதற்கு நூற்றாண்டுகளுக்கு முந்திய விடையைத் தேடுவதைவிட, எகிப்தின் நைல் கழிமுகத்தில் மீத் கம்ர் என்ற சிற்றூரில் 1963இல் தொடங்கிய ஒரு முயற்சியைச் சொல்வது பயன்தரும்.

அஹ்மத் அந்நஜ்ஜார் ஜெர்மனியில் பொருளியல் பயின்றவர். அங்குள்ள ஊர்ச் சேமிப்பு வங்கிகள் சிறு உழவனையும் கைவினைஞனையும் சேமிக்கப் பழக்கியிருப்பதைக் கண்டார். தம் நாட்டுக் கிராமத்தார் வங்கிப் படியை மிதிக்கவே மறுப்பதையும் அறிந்திருந்தார். வட்டிக்கு அஞ்சி அவர்கள் வங்கியைத் தவிர்த்தனர். பணத்தை வீட்டில் ஒளித்துவைத்தனர், நகையாக்கினர், சடங்குகளில் செலவிட்டனர். நம் ஊரைப் பற்றிச் சொல்வது போலவே இருக்கிறதல்லவா? நஜ்ஜார் ஊர் மக்களோடு பழகி, அவர்கள் நம்பிக்கையைப் பெற்று, வட்டியில்லாச் சேமிப்பு வங்கி ஒன்றைத் திறந்தார். நாசிர் ஆட்சிக் காலம் அது. மதத்தின் பெயரால் எதைத் தொடங்கினாலும் சந்தேகக் கண் விழும் என்பதால் வங்கியின் பெயரில் ‘இஸ்லாம்’ என்ற சொல் இல்லை. அதன் செயலில் இருந்தது.

அங்கே மூன்று வகைக் கணக்குகள் இருந்தன. முதலாவது சேமிப்புக் கணக்கு: மிகச் சிறிய தொகையையும் போடலாம், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம், வட்டி கிடையாது. ஆனால் ஒழுங்காகச் சேமித்து வந்தவர்க்குத் தேவை நேர்ந்தால் வட்டியில்லாச் சிறு கடன் கிடைக்கும். இரண்டாவது முதலீட்டுக் கணக்கு: நினைத்தபோது எடுக்க இயலாது, தொழிலின் இலாப நட்டத்தில் பங்கு உண்டு. மூன்றாவது ஜகாத்தும் நன்கொடையும் சேரும் சமூக நிதி: எதிர்பாராத துன்பத்தில் வீழ்ந்தவர்களுக்கு அதிலிருந்து உதவி. இந்தப் பிரிவினைதான் அம்முயற்சியின் உயிர். இடர்காலப் பணம் வேறு, பெருக்கும் பணம் வேறு, தானும் தாங்க முடியாதபோது ஊர் தாங்கும் பணம் வேறு. நம்மில் பலர் இம்மூன்றையும் ஒரே பையில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

பல்லாயிரம் பேருடன் தொடங்கிய அம்முயற்சியில் 1967 வாக்கில் இரண்டரை லட்சம் பேர் கணக்கு வைத்திருந்தனர். சுற்றூர்களிலும் கிளைகள் தோன்றின. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ‘நம்மிடம் மிச்சம் ஏது’ என்று முன்பு சொல்லியிருக்கக்கூடிய எளியவர்கள். 1967இல் அரசியல் காரணங்களால் அரசு வங்கிகள் அதை எடுத்துக்கொண்டன. வட்டியில்லா முறை அங்கே முடிவுக்கு வந்தது. 1971இல் நாசிர் சமூக வங்கி என்ற அரசு அமைப்பாக அந்தக் கருத்து மீண்டும் தலையெடுத்தது. பின்னாளில் வளைகுடாவில் மாடமாளிகைகளாக எழுந்த இஸ்லாமிய வங்கிகள் மீத் கம்ரை முன்னோடி என்று கூறிக்கொள்கின்றன. அந்த உழவனின் சிறு நாணயத்தை அவை எவ்வளவு நினைவில் வைத்திருக்கின்றன என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

இனி நம் வீடு. நம் குடும்பங்களில் சேமிப்பு இல்லை என்று சொன்னால் அது பொய். வீடு இருக்கிறது, மனை இருக்கிறது, பெண்களின் கழுத்தில் பொன் இருக்கிறது. வேலை போன மாதம் இவற்றில் எது அரிசி வாங்கும்? பாதி எழும்பிய மாடி வாங்காது. மனையை அவசரத்துக்கு விற்றால் பாதி விலை. எஞ்சுவது பொன். அதுவும் பெரும்பாலும் அடகுக் கடைக்கே போகிறது, அங்கே வட்டி காத்திருக்கிறது. வட்டியை விட்டு விலகி நிற்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தோறும் கேட்கிறோம். ஆனால் கையில் மூன்று மாதச் செலவுப் பணம் இல்லாத வீடு அந்த விலகலை எதைக் கொண்டு நிறைவேற்றும்? ஹராமுக்கும் நமக்கும் இடையே நிற்கும் சுவர்களில் இந்தச் சிறுசேமிப்பும் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

அந்தப் பொன் யாருடையது என்பதும் கேட்கப்பட வேண்டும். மஹராக வந்ததும், பிறந்த வீட்டார் அவளுக்குக் கொடுத்ததும் மனைவியின் சொத்து. அவள் மனமுவந்து தந்தால் அது அவளுடைய பெருந்தன்மை. கடனாகத் தந்தால் திருப்பித் தரவேண்டிய கடன். குடும்பத்தைப் பராமரிக்கும் பொறுப்பு கணவன் மீதிருக்க, இடர்காலத் திட்டம் முழுவதையும் மனைவியின் நகைமீது கட்டிவைப்பது முறையன்று.

வளைகுடாவில் இருப்போர் பணிக்கொடையை நம்பியிருப்பதும் உண்டு. அமீரகச் சட்டம் முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் ஊதியமும், அதன்பின் 30 நாள் ஊதியமும் தருகிறது. சவூதியில் முதல் ஐந்தாண்டுகளுக்கு அரை மாத ஊதியம், பின்னர் முழு மாத ஊதியம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிறுவனமே நொடித்துவிட்டால் அது உடனே கைக்கு வராது. சட்டமும் நிலையாக நிற்பதில்லை. 2011இல் நிதாகத் வந்தது. 2017 ஜூலையில் சவூதியில் உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணம், ஆண்டுக்கு 100 வீதம் ஏறி 2020இல் 400 ஆயிற்று. அந்த ஆண்டே கொரோனாவும் வந்தது.

எவ்வளவு வேண்டும் என்பதற்குச் சம்பளத்தை அளவாகக் கொள்ள வேண்டாம். செலவை அளவாகக் கொள்ளுங்கள். உணவு, வாடகை, பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருந்து, மின்சாரம் ஆகியவற்றைக் கூட்டினால் மாதம் 25,000 ரூபாய் வருகிறது என்று கொள்வோம். ஆறு மாதத்துக்கு ஒன்றரை லட்சம். மாதம் 5,000 வீதம் ஒதுக்கினால் முப்பது மாதங்கள் ஆகும். நெடிய காலமாகத் தோன்றும். ஆனால் ஐந்தாவது மாத முடிவிலேயே ஒரு மாதச் செலவு கையில் நிற்கும். உள்ளூரில் நிலையான வேலையில் இருவர் சம்பாதிக்கும் வீட்டுக்கு மூன்று மாதம் போதலாம். ஒருவர் மட்டும், அதுவும் விசாவை நம்பி உழைக்கும் வீட்டுக்கு ஆறு மாதத்தையும் நான் குறைவென்றே சொல்வேன். அதன்மேல் ஒரு பயணச்சீட்டுக்கான பணமும் வேண்டும்.

அந்தப் பணம் உழைக்கும் நாட்டில் மட்டும் இருக்க வேண்டாம். ஒரு பகுதி ஊரில், மனைவியும் எடுக்கக்கூடிய கணக்கில் இருக்கட்டும். அதைச் சீட்டில் போடாதீர்கள், நண்பரின் வியாபாரத்தில் போடாதீர்கள், மாடி கட்டும் கணக்கோடு கலக்காதீர்கள். அவை நல்ல நோக்கங்களாக இருக்கலாம். மீத் கம்ர் உழவன் அவற்றுக்கு வேறு கணக்கு வைத்திருந்தான். வங்கிச் சேமிப்புக் கணக்கில் தானாக விழும் வட்டியைக் குடும்பச் செலவில் சேர்க்காமல், நன்மையை எதிர்பாராது பிரித்துக் கொடுத்துவிடும் வழி பலர் பின்பற்றுவது. இதில் உங்கள் ஊர் ஆலிமிடம் தெளிவு பெறுங்கள். ஜமாஅத்தில் பைத்துல்மாலோ வட்டியில்லாக் கடன் நிதியோ இருந்தால் வேலை இருக்கும்போதே அதற்குச் சிறு பங்களித்து வாருங்கள். பெறும் கை நாளை எவருடையதாகவும் இருக்கலாம்.

இந்த ஒதுக்கீட்டுக்கும் ஜகாத் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்களிடமுள்ள மற்றப் பணத்தோடு சேர்த்து நிஸாபை எட்டி, சந்திர ஆண்டு ஒன்று நிறைந்துவிட்டால், ‘இது ஆபத்துக்கு வைத்தது’ என்ற காரணத்தால் விலக்கு இல்லை. இரண்டரை விழுக்காடு கொடுத்தாக வேண்டும். ஒன்றரை லட்சத்துக்கு அது 3,750 ரூபாய். ரமளானில் ஜகாத் கணக்குப் போடும் குடும்பங்கள் அந்த நாளிலேயே இந்தத் தொகையையும் எடுத்துப் பார்த்து, ஆண்டில் எவ்வளவு கூடியது, எங்கே இருக்கிறது, யார் யாருக்குத் தெரியும் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிடலாம்.